அழிக்கும் முன் எண்ணுக

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'அழிக்கும் முன் எண்ணுக' என்னும் தலைப்பை அழைப்பிதழில் கண்டு, தெரிந்துசெயல்வகை அதிகாரத்தைப் பற்றி நான் பேசப்போவதாக நினைத்து வந்தவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். நான் பேச வந்தது ஒரு வன்வட்டைப் பற்றி. நம் வட்டத்தின் பத்தாண்டுச் செல்வத்தைத் தன்னுள் அடக்கியிருக்கும், கையகலமே உள்ள ஒரு கறுப்புப் பெட்டியைப் பற்றி. அதனைத் துடைத்து மீண்டும் வகுத்தமைக்கும் பணி சென்ற கோடை விடுமுறையில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. கணினியை நான் பயன்படுத்துவேனேயன்றி அதன் நுட்பங்களைக் கற்றவள் அல்லேன். முனைவர் பட்டத்திற்கு நான் ஆய்ந்தது சுவடிப் பதிப்புகளை. ஆயினும் அப்பணியில் இறங்கியபோது எனக்குக் கைகொடுத்தது, சுவடிகளோடு பழகிய காலத்தில் கற்ற பாடம் ஒன்றே. அதனை உங்கள்முன் வைப்பது என் கடமை. ஏனெனில், அன்றிரவு ஒரேயொரு விசையை நான் அழுத்தியிருந்தால், இன்று இவ்வரங்கில் நாம் கேட்கவிருக்கும் ஒரு குரல் இல்லாமற் போயிருக்கும்.

பெட்டிக்கு நேர்ந்தது

நம் கவிதைகள், கட்டுரைகள், கூட்டங்களின் ஒலிப்பதிவுகள், நிழற்படங்கள் ஆகிய அனைத்தும் ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள அந்த வன்வட்டில் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன என்பதை நீங்கள் அறிவீர்கள். வாங்கியபோதே அது 'ஃபேட் 32' என்னும் கோப்பமைப்போடு வந்தது. வந்தபடியே நாமும் பயன்படுத்தினோம். அவ்வமைப்பில் எந்தக் கோப்பும் 4 கிகாபைட்டை எட்டலாகாது. ஆதலால் நீண்ட நிகழ்ச்சிகளின் காணொளிகளை இரண்டாகவும் மூன்றாகவும் துண்டித்துச் சேர்த்தோம். கவியரங்கத்தில் ஒருவர் பாதி அடியில் நிற்பார். மறுபாதி அடுத்த கோப்பில் தொடங்கும். அதனையும் பொறுத்துக்கொண்டோம்.

பின்னர் ஒருநாள், பதிவுகளைப் படியெடுத்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றது. கணினியை மீண்டும் இயக்கியபோது, அத்திங்களுக்குரிய கோப்புறையில் பெயர்கள் இருந்த இடத்தில் பொருளற்ற குறிகள் நிறைந்திருந்தன. உறுப்பினர்களின் கைப்பேசிகளிலிருந்து திரட்டி அத்திங்களை ஒருவாறு மீட்டோம். வட்டின் உடலில் பழுதில்லை என்பதைச் சோதித்தறிந்தோம். ஒழுங்கு குலைந்தது கோப்பமைப்பில்தான். எனவே அதனை வேறொரு கோப்பமைப்பில் புதிதாக வகுத்துக்கொள்வதென்று செயற்குழு முடிவு செய்தது. கடையில் கொடுத்துச் செய்துவிடலாம் என்று சிலர் கூறினர். கொடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் முடித்துத் தந்திருப்பார்கள். ஆனால், எந்தக் கவிதைக்கு எந்தக் கோப்பு என்பதைக் கடைக்காரர் அறியமாட்டார் என்பதால் அப்பொறுப்பை நான் ஏற்றேன். என்னிடம் இளங்கலைத் தமிழ் பயின்று, பின்னர்க் கணினிப் பயன்பாட்டில் முதுகலைப் பட்டம் பெற்ற மாணவி ஒருத்தி உடன் இருந்து உதவ முன்வந்தாள்.

வடிவமைத்தல் என்பது யாது?

வன்வட்டை ஒரு நிலம் என்று கொள்வோம். அதில் வரப்பிட்டுப் பிரித்த வயலே பகுதி. பேச்சு வழக்கில் பார்ட்டிஷன் என்கிறோம். அவ்வயலில் எங்கே எதை இடுவது, இட்டதை எவ்வாறு திரும்பக் கண்டெடுப்பது என்னும் ஒழுங்குமுறையே கோப்பமைப்பு. இருக்கும் ஒழுங்கை நீக்கிப் புதியதொன்றை நிறுவுதல் வடிவமைத்தல். நாம் அனைவரும் சொல்லும் 'ஃபார்மட்' அதுவே.

பலரும் கருதுவதுபோல, சுழலும் தட்டுகளையுடைய வன்வட்டில் வடிவமைப்பு பொதுவாக எழுத்துகளைச் சுரண்டி எடுப்பதில்லை. நூலகத்தின் நூல்களைத் தொடாமல், நூற்பட்டியலை மட்டும் எறிந்துவிட்டு வெற்றுப் பட்டியலை வைப்பது போன்றது அது. புதியன எழுதப்படும்வரை பழையன ஆங்காங்கே கிடக்கும். அவற்றைத் தோண்டியெடுக்கும் மென்பொருள்களும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் பெயரின்றி, வரிசையின்றி, வெறும் எண்ணிட்ட குவியலாகவே அவற்றை மீட்டுத் தரும். பெயர் தெரியாமற்போன புலவர்க்குப் பாட்டின் அருந்தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் வழங்கிய தொகுப்பாளர்களின் கருணை அந்த மென்பொருள்களுக்கு இல்லை. மேலும், தட்டுகளில்லாத இக்கால எஸ்.எஸ்.டி. வட்டுகளில் இந்த நம்பிக்கையும் கொள்ளுதற்கில்லை. அங்கே வடிவமைப்புக் கட்டளை, 'இவ்விடம் முழுதும் வேண்டாதது' என்று வட்டுக்கே அறிவித்துவிடும். வட்டும் அதனைத் துடைத்துவிடும்.

பனையோலையில் மறுவடிவமைத்தல் என்பதே இல்லை. எழுத்தாணி கீறிய கீறலை அழித்து அதே ஓலையில் எழுத இயலாது. புதிய ஓலையில் படியெடுப்பார்கள். பழையதை ஆற்றில் விடுவார்கள் அல்லது தீயிலிடுவார்கள். பழைய ஏடுகள் இவ்வாறு தீக்கிரையான செய்தியைக் கேட்டு உ.வே. சாமிநாதையர் உள்ளம் பதறியதை நீங்கள் படித்திருப்பீர்கள். அங்கே தவறு, பழையதை நீக்கியதில் இல்லை. புதியது முழுமையாகப் படியெடுக்கப்பட்டதா என்று எவரும் பார்க்காமல் நீக்கியதில்தான். என் கதையும் அதுவே.

மாற்ற இயலாதவை, மாற்றத்தக்கவை

நாங்கள் தேர்ந்தது 'எக்ஸ்ட் 4' என்னும் கோப்பமைப்பு. லினக்ஸ் இயங்குதளத்திற்கு உரியது. ரெமி கார்டு என்பவர் 1993இல் உருவாக்கிய எக்ஸ்ட் 2, 2001இல் லினக்ஸில் இடம்பெற்ற எக்ஸ்ட் 3 ஆகியவற்றின் வழியில் வந்து, 2008இல் நிலைபெற்றது. விண்டோஸ் கணினி இதனை நேரடியாகப் படிக்காது என்னும் குறை உண்டு. கைமாறிச் செல்லும் வட்டுக்கு இது பொருந்தாது. ஓரிடத்தில் இருந்து காக்கவேண்டிய காப்பகத்திற்குப் பொருந்தும். நம்முடையது இரண்டாவது வகை.

இதனைச் சுட்டியால் சொடுக்கியும் செய்யலாம். ஆனால் என் மாணவி, "கட்டளை வரியிலேயே செய்வோம் அம்மா. சொடுக்கினால் நமக்காக அதுவே முடிவு செய்துவிடும். எழுதினால் நாம் என்ன கேட்கிறோம் என்று நமக்கே தெரியும்" என்றாள். அச்சொல் எனக்குப் பிடித்திருந்தது. 'எம்.கே.எஃப்.எஸ்.' என்று தொடங்கும் அக்கட்டளையில் நாம் ஒன்றும் சொல்லாது விட்டால், பொதுப்பட வகுத்து வைத்த அளவுகளை அது தானே எடுத்துக்கொள்ளும். அவை நல்ல அளவுகளே. எனினும் கவிதைத் தொகுப்பொன்றை நினைத்து எவரும் அவற்றை வகுக்கவில்லை.

தேர்வுகள் இருவகைப்படும். பின்னர் மாற்றத்தக்கவை ஒருவகை. வடிவமைத்தபின் மாற்ற இயலாதவை மற்றொரு வகை. வெண்பாவில் எழுதப் புகுந்தவர் இடையில் சொல்லை மாற்றலாம், தளையை மாற்றலாகாது என்பதைப் போன்றது இது.

மாற்ற இயலாதவற்றுள் முதலாவது, பிளாக் என்னும் கட்டத்தின் அளவு. வழக்கமான அளவு 4096 பைட். ஒரு கோப்பு எவ்வளவு சிறியதாயினும் பொதுவாக ஒரு கட்டத்தைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். பதினைந்து சீர் கொண்ட ஒரு வெண்பா யூனிகோடில் ஏறத்தாழ 500 பைட்தான் வரும். அதற்கும் ஒரு முழுக் கட்டம். வீண் என்று தோன்றும். ஆயினும் பத்தாயிரம் வெண்பாக்களுக்கும் சேர்த்து 41 மெகாபைட்தான் ஆகும். நம் கவியரங்கக் காணொளி ஒன்றின் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எனவே அந்த அளவை அப்படியே ஏற்றோம்.

இரண்டாவது, ஐநோடுகளின் எண்ணிக்கை. ஐநோடு என்பது ஒரு கோப்பின் அளவு, உரிமை, காலம், இருப்பிடம் ஆகியவற்றைக் குறித்து வைக்கும் சிறுபதிவு. கோப்பொன்றுக்கு ஐநோடு ஒன்று. எத்தனை ஐநோடுகள் என்பதை வடிவமைக்கும்போதே எக்ஸ்ட் 4 வரையறுத்துவிடும். அவை தீர்ந்தால், இடமிருந்தும் புதிய கோப்பை ஏற்காது. வழக்கப்படி 16,384 பைட்டுக்கு ஒன்று வீதம் வகுத்தால், ஒரு டெராபைட் வட்டில் ஏறத்தாழ 6 கோடியே 10 இலட்சம் ஐநோடுகள். ஒவ்வொன்றும் 256 பைட் ஆதலால், வெறும் பதிவேட்டுக்கே 15 கிகாபைட்டுக்கு மேல் செலவாகும். பத்தாண்டுகளில் நாம் சேர்த்த கோப்புகள் ஐயாயிரத்தை எட்டவில்லை. பத்து இலட்சத்துச் சொச்சம் பைட்டுக்கு ஒன்று என்னும் 'பெருங்கோப்பு' வகையைத் தேர்ந்தோம். ஒன்பதரை இலட்சம் ஐநோடுகள் கிடைத்தன. நம் வட்டம் நூற்றாண்டு விழாக் கொண்டாடினாலும் அவை போதும்.

மாற்றத்தக்கவற்றுள் ஒன்று, ஒதுக்கீடு. நூற்றுக்கு ஐந்து பங்கு இடத்தை நிருவாகிக்கென ஒதுக்குவது வழக்கம். இயங்குதளம் இருக்கும் வட்டுக்கு அது தேவை. நம் வட்டில் அது 50 கிகாபைட்டை முடக்கும். நூற்றுக்கு ஒன்று எனக் குறைத்தோம்.

மற்றொன்று ஜர்னல் என்னும் குறிப்பேடு. கோப்பமைப்பில் செய்யவிருக்கும் மாற்றத்தை முதலில் இக்குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகே உரிய இடத்தில் எழுதுவது எக்ஸ்ட் 4இன் இயல்பு. இடையில் மின்சாரம் நின்றால், மறுமுறை இயக்கும்போது குறிப்பேட்டைப் படித்து ஒழுங்கைச் சீர்செய்துகொள்ளும். ஃபேட் 32இல் இது இல்லை. நம் கோப்புறை குலைந்தது அதனால்தான். எனினும் வழக்கமான நிலையில் ஜர்னல் காப்பது அமைப்பின் ஒழுங்கையே. நாம் எழுதிக்கொண்டிருந்த கடைசி வரியை அன்று. இதனையும் மறத்தலாகாது.

வட்டுக்கு ஒரு பெயரும் இடலாம். அப்பெயர் 16 பைட்டுக்குள் அடங்க வேண்டும். இங்கேதான் நம் மொழி முதன்முதலாக இடறியது. யூனிகோடைச் சேமிக்கும் யூ.டி.எஃப். 8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. உயிர்மெய்யில் மெய்க்கு மூன்று, அதன்மேல் ஏறும் உயிர்க்குறிக்கு மூன்று. 'இலக்கியம்' என்று இட விரும்பினேன். அது 27 பைட். பல பெயர்களை எண்ணிப் பார்த்து இறுதியில் 'சுவடி' என்று இட்டோம். அது சரியாக 15 பைட். அப்போது நாங்கள் இருவரும் சிரித்தோம். அதே கணக்கு வேறோரிடத்தில் எங்களை அழவைக்கப் பார்த்தது என்பதை அப்போது அறியவில்லை.

அந்த வினா

வட்டிலிருந்த அனைத்தையும் முதலில் என் கணினிக்குப் படியெடுத்தோம். திரையில் வரிகள் விரைந்து ஓடின. நெடுநேரத்திற்குப் பின் ஓய்ந்தன. கட்டளையை எழுதுமுன், எந்த வட்டு எந்தப் பெயரில் இணைந்திருக்கிறது என்பதைப் பட்டியலிட்டுப் பார்த்தோம். ஓர் எழுத்து மாறினால் என் கணினியின் சொந்த வட்டே அழியும். பின்னர், நம் வட்டை இணைப்பிலிருந்து விடுவித்தோம். அக்கட்டளையில் 'சிறிய என்' என்னும் குறியைச் சேர்த்தால், எதையும் எழுதாமல், எழுதினால் எப்படி இருக்கும் என்பதை மட்டும் காட்டும். அவ்வாறு ஒரு வெள்ளோட்டம் பார்த்தோம். கட்டங்கள் இத்தனை, ஐநோடுகள் இத்தனை, தலைமைப் பதிவின் படிகள் இன்னின்ன இடங்களில் என்று அது பட்டியலிட்டது. அமைப்பு முழுவதையும் விளக்கும் அத்தலைமைப் பதிவை, முதற் படி கெட்டால் உதவும்பொருட்டு, 32,768ஆம் கட்டத்திலும், 98,304ஆம் கட்டத்திலும், இன்னும் பல இடங்களிலும் தானே எழுதி வைக்கிறது எக்ஸ்ட் 4. ஒரு நூலுக்குப் பல ஊர்களில் படிகள் இருந்ததால் அல்லவா நம் இலக்கியங்கள் தப்பின? அம்முறையை ஒரு மென்பொருளில் கண்டு வியந்தேன்.

பிறகு மெய்யான கட்டளையை இட்டோம். அது உடனே அழித்துவிடவில்லை. 'இப்பகுதியில் ஏற்கெனவே ஒரு கோப்பமைப்பு இருக்கிறது, ஆயினும் தொடரலாமா?' என்னும் பொருளில் வினவி நின்றது. வினாவின் முடிவில் இரண்டு எழுத்துகள். ஆம் என்பதற்குரிய எழுத்து சிறியதாகவும், இல்லை என்பதற்குரிய எழுத்து பெரியதாகவும் இருந்தன. ஒன்றும் எழுதாமல் என்டர் விசையைத் தட்டினால் 'இல்லை' என்றே அது பொருள்கொள்ளும். இதை எழுதியவர் யாராயினும் வாழ்க என்று வாழ்த்தத் தோன்றியது.

மாணவியின் விரல் 'ஆம்' என்னும் எழுத்தின்மேல் இருந்தது. அந்நேரத்தில் எனக்கு என் நெறியாளரின் நினைவு வந்தது. சுவடிக்கட்டு ஒன்றை முதன்முதலாக என் கையில் கொடுத்தபோது, "படிக்காதே அம்மா, முதலில் எண்ணு" என்றார் அவர். ஏடுகளை எண்ணி எழுதிக்கொண்ட பிறகே கயிற்றை அவிழ்க்க வேண்டும். கட்டிய பிறகு மீண்டும் எண்ண வேண்டும்.

"இரு. பழைய வட்டில் எத்தனை கோப்புகள்? என் கணினிக்கு வந்தவை எத்தனை?" என்று கேட்டேன்.

"எல்லாம் வந்திருக்கும் அம்மா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்டர் விசையை மட்டும் தட்டினாள். கட்டளை ஒன்றும் செய்யாமல் திரும்பியது. வட்டை மீண்டும் இணைத்து எண்ணினோம்.

பழைய வட்டில் 4812. என் கணினியில் 4811.

இரு பட்டியல்களையும் ஒப்பிட்டோம். விடுபட்டிருந்தது ஓர் ஒலிப்பதிவு. நம் வட்டத்தின் மூத்த கவிஞர், மறைவதற்கு இரண்டு திங்களுக்கு முன், எழுந்து நிற்க இயலாமல் நாற்காலியில் அமர்ந்தபடியே படித்த கடைசிக் கவிதை. அவருடைய துணைவியார் இன்று நம் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அப்பதிவுக்கு வேறு படி எங்கும் இல்லை. அன்பு மிகுதியால் அதனைப் பதிவு செய்தவர், கவிதையின் தலைப்பு, கவிஞரின் முழுப்பெயர், ஊர், கூட்டம் நிகழ்ந்த திங்கள், ஆண்டு ஆகிய எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்திருந்தார். அந்த அன்புதான் அதற்குப் பகையாயிற்று.

கணக்கைச் சொல்கிறேன். அப்பெயரில் 112 குறிகள். அவற்றுள் 94 தமிழ்க் குறிகள்; 94 ஐ மூன்றால் பெருக்க 282. எஞ்சிய 18 இடைவெளி, எண் முதலியன. ஒன்றுக்கு ஒரு பைட். ஆக 300. ஃபேட் 32இல் ஒரு பெயரின் நீளம் பைட்டால் அளக்கப்படுவதில்லை. தமிழ்க் குறியும் ஓர் அலகு, ஆங்கில எழுத்தும் ஓர் அலகு. அங்கே 255 அலகு வரை இடமுண்டு. 112 எளிதில் அடங்கியது. என் கணினியின் எக்ஸ்ட் 4இல் பெயரின் நீளத்தைக் குறிக்க ஒரே ஒரு பைட் உள்ளது. அதில் எழுதத்தக்க மிகப்பெரிய எண் 255. பெயர் 255 பைட்டுக்கு மிகலாகாது. முந்நூறு எவ்வாறு நுழையும்? 'பெயர் மிக நீளம்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, படியெடுக்கும் கட்டளை அடுத்த கோப்புக்குச் சென்றுவிட்டது. ஆயிரக்கணக்கான வரிகளினூடே அவ்வொரு வரி ஓடி மறைந்ததை நாங்கள் காணவில்லை.

யார்மீதும் குற்றம் சொல்வதற்கில்லை. யூ.டி.எஃப். 8 முறையைக் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஓர் உணவகத்தில், மேசைமேல் விரித்திருந்த தாளில் வகுத்தார்கள். அதுவரை இருந்த ஆங்கிலக் கோப்புகள் ஒரு மாற்றமும் இன்றிப் பயன்பட வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அது நிறைவேறிற்று, உலகமொழிகள் அனைத்தும் ஒரே முறையில் எழுதவும் வழி பிறந்தது. பெயரின் நீளத்தை ஒரு பைட்டில் அடக்கியவர்களும் அக்காலத் தேவைக்கு ஏற்பவே செய்தார்கள். எனினும் இவ்விரு முடிவுகளும் சந்திக்கும் இடத்தில், ஆங்கிலேயருக்கு 255 எழுத்து. நமக்கு 85 குறி. உயிர்மெய்யாக எண்ணினால் இன்னும் குறைவு. இதை அறிந்துகொள்ள வேண்டியவர்கள் நாம்தான். நம்மைத் தவிர வேறு எவரும் அதை நமக்காக நினைவில் வைத்திருக்கமாட்டார்கள்.

பெயரைச் சுருக்கினோம். படியெடுத்தோம். மீண்டும் எண்ணினோம். 4812.

இரண்டு கொன்றைகள்

பட்டியல்களை ஒப்பிட்டபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒரே கோப்புறையில் 'கொன்றை' என்னும் பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒரு கோப்புறையில் ஒரே பெயர் இருமுறை வரலாகாதே என்று வியந்தேன். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் அவை வேறு. 'கொ' என்பதை யூனிகோடில் இருவகையாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொன்று. யூனிகோடு இரண்டையும் சமம் என்றே விதித்திருக்கிறது. கோப்பமைப்போ பைட்டுகளை மட்டும் பார்க்கும். வேறு என்றே கொள்ளும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பொன்று இரண்டாவது வகையில் வந்திருக்கிறது.

எக்ஸ்ட் 4இல் இதற்கும் ஒரு தேர்வு உண்டு. 2019இல் வெளிவந்த லினக்ஸ் 5.2 முதல், வடிவமைக்கும்போது 'கேஸ்ஃபோல்டு' என்னும் பண்பைக் கேட்டுப் பெறலாம். ஆங்கிலத்தின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகக் கொள்வதற்கென வந்தது அது. பெரிய எழுத்தே இல்லாத தமிழுக்கு அதனால் என்ன பயன் என்று கேட்கலாம். இவ்விரு 'கொ'வையும் அது ஒன்றெனக் கொள்ளும் என்பதே பயன். நாம் இட்ட பெயரை அது திருத்துவதில்லை. தேடும்போதும் ஒப்பிடும்போதும் மட்டும் சமமாக நோக்கும். வெறுமையாக உள்ள கோப்புறைக்கே இப்பண்பை அளிக்க முடியும் என்பதால், நிரப்புவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். நாங்கள் வேண்டும் என்று முடிவு செய்தோம்.

ஆனால் அதிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. அத்தகைய கோப்புறைக்கு இரண்டு கொன்றைகளையும் படியெடுத்தால், இரண்டாவது வருவது முதலாவதன்மேல் எழுதப்பட்டுவிடலாம். ஒன்றின் நகல்தானே மற்றது என்று விட்டுவிட இருந்தோம். திறந்து பார்த்தோம். அவை ஒரு கவிதையின் இருவேறு வடிவங்கள். முதல் வடிவத்தின் இறுதி நான்கு அடிகள் இரண்டாவதில் இல்லை. அதனை எழுதிய கவிஞரிடம் தொலைபேசியில் கேட்டபோது, "அது போயிற்று என்றே நினைத்திருந்தேன் அக்கா" என்றார். சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடு என்று நாங்கள் எதைப் போற்றுகிறோமோ அதனை, இரட்டிப்பு என்று நினைத்து நானே நீக்கியிருப்பேன். 'கொன்றை முதல் வடிவம்', 'கொன்றை இரண்டாம் வடிவம்' என்று பெயரிட்டு இரண்டையும் காத்தோம்.

அதன்பின் மறுபடியும் அவ்வினாவுக்கு முன் அமர்ந்தோம். இம்முறை 'ஆம்' என்றோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை; பத்தாண்டுகள் இருந்த இடம் வெறுமையாயிற்று. பிறகு அனைத்தையும் திரும்ப எழுதி, ஒவ்வொரு கோப்புக்கும் 'ஷா 256' என்னும் சரிபார்ப்பு எண்ணைக் கணித்து, இருபுறமும் ஒத்திருக்கக் கண்ட பின்னரே கணினியை நிறுத்தினோம். 32 எழுத்தை ஒரு கிரந்தம் என எண்ணி, எழுதியதை அளந்த பழைய எழுத்தர்களின் பணியும் இத்தகையதே.

எண்ணிக்கையின் அருமை

புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைத்தில. இவற்றை மாணவர்க்குக் கற்பிக்கும்போது இழப்பு என்றே இதுநாள்வரை கற்பித்து வந்தேன். இப்போது வேறொன்றும் புலனாகிறது. இவை இல்லை என்பது நமக்கு எவ்வாறு தெரிகிறது? நானூறு என்றும், பத்துப் பத்து என்றும், ஐந்நூறு என்றும் எண்ணித் தொகுத்தவர்கள் இருந்தார்கள். பாடல் போயினும் எண் நின்றது. எண் நின்றதால் போனது இன்னது என்று அறிகிறோம், தேடுகிறோம், வருந்துகிறோம். எண்ணப்படாத தொகுப்புகளிலிருந்து போனவற்றுக்காக வருந்துவதற்குக்கூட நமக்கு வழியில்லை.

வடிவமைத்தல் அழிப்பது பட்டியலை என்றேன். பட்டியல் போனால், போனது எது என்னும் அறிவும் உடன்போகும். அன்றிரவு நான் 'ஆம்' என்றிருந்தால், அக்குரல் போயிருக்கும் என்பதைவிட, அது போனதே தெரியாமல் இன்று இவ்விழாவில் மகிழ்ந்திருப்போம் என்பதுதான் என்னை இன்னும் நடுங்கச் செய்கிறது.

மூன்று வேண்டுகோள்கள்

உறுப்பினர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைத்து அமைகிறேன். ஒன்று, கோப்பின் பெயர் சுருக்கமாக இருக்கட்டும். இருபது எழுத்துக்கு மிகாதிருப்பது நலம். விரிவான விவரங்களைக் கோப்பினுள்ளே எழுதுங்கள். இரண்டு, 'சுவடி' ஒன்றே போதாது. அதன் படி ஒன்று வேறொரு வீட்டில், வேறொரு வட்டில் இருக்க வேண்டும்; செயற்குழு அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். மூன்று, திங்கள்தோறும் கூட்டம் முடிந்ததும், அன்று சேர்ந்த கோப்புகள் எத்தனை, மொத்தம் எத்தனை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் மையால் எழுதி வையுங்கள். மின்சாரம் வேண்டாத பதிவேடு அது. முதற் பக்கத்தில் நானே எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்: 4812.

இன்றைய விழாப் பதிவும் சேர்ந்தால் அந்த எண் கூடும். கூடிக்கொண்டே செல்லட்டும்.

விழாத் தலைவர் இசைந்தால், இவ்வுரையை அடுத்து நம் மூத்த கவிஞரின் அப்பதிவை ஒலிக்கச் செய்வோம். தொடக்கத்தில் சற்று இருமல் கேட்கும். பிறகு குரல் தெளிந்துவிடும்.